இரையுடன் ஒரு படம்: அது எதை நிரூபிக்கிறது?

நாட்றம்பள்ளியில் நின்று கிழக்கே பார்த்தால் ஏலகிரி மலை தெரியும். அதற்கும் அப்பால் ஜவ்வாது மலை. இந்த மலைகளின் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; காட்டுப்பூனையைப் பற்றியும் சிறுத்தையைப் பற்றியும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 2024 ஜூன் மாதம் திருப்பத்தூர் நகரிலேயே ஒரு பள்ளி வளாகத்துக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது. வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்தி அதைப் பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்தச் சிறுத்தை காட்டிலே வளர்ந்தது. தாயிடம் வேட்டை கற்றது. அதற்கு வழி தெரிந்தால் போதும், பிழைத்துக்கொள்ளும். ஆனால் கரும்பு வெட்டும்போது தோகைக்குள் கண் திறவாத குட்டிகள் கிடைக்கின்றனவே, அவற்றின் கதை என்ன? தாயை இழந்து மனிதர் கையால் பால் குடித்து வளர்ந்த குட்டியைத் திரும்பக் காட்டில் விட்டால் அது பிழைக்குமா? ஒரு நாள் அது வாயில் இரையைக் கவ்வி நிற்பதைப் போன்ற ஒரு புகைப்படம் கிடைத்தால், "வெற்றி!" என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

வேட்டை பிறவிக் குணமா?

பூனை எலியைப் பிடிப்பது அதன் இரத்தத்திலேயே ஊறியது என்று நாம் எண்ணுகிறோம். சீன நாட்டு உளவியல் அறிஞர் குவோ இதைச் சோதித்துப் பார்த்து 1930இல் முடிவை வெளியிட்டார். எலி பிடிக்கும் தாயுடன் வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளில் 9 மட்டுமே கொன்றன. எலியுடனேயே தோழமையாக வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை 3தான்!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பதுங்குவது, பாய்வது, நகத்தால் பற்றுவது ஆகியவை பிறவியிலேயே வருகின்றன. எதைப் பிடிப்பது, எங்கே கடிப்பது, எப்படிக் கொல்வது என்பவற்றைப் பழக்கம்தான் செம்மைப்படுத்துகிறது. தாய்ப்பூனை முதலில் செத்த எலியைக் கொண்டுவரும். பிறகு அரை உயிருடன் இருக்கும் எலியைக் குட்டிகளின் முன் விடும். உங்கள் வீட்டுப் பூனையிடமே இந்தப் பாடத்தைப் பார்த்திருப்பீர்கள்.

சிறு பூனைகள் இரையின் பிடரியைக் கடிக்கும். கோரைப்பல் கழுத்து எலும்புகளின் இடைவெளியில் ஆப்புப் போல இறங்கித் தண்டுவடத்தை அறுத்துவிடும். இரை நொடியில் சாகிறது. புலியும் சிறுத்தையும் பெரிய இரையானால் தொண்டையைக் கவ்வி மூச்சை அடைத்துவிடும். கடி ஓர் அங்குலம் தவறினாலும் இரை தப்பும். அல்லது கொம்பால் குத்தி வேட்டையாடியையே காயப்படுத்தும். காயம்பட்ட பூனைக்குக் காட்டில் மருத்துவமனை இல்லை.

காட்டுக்குத் திரும்பியவை

உத்தரப் பிரதேசத்தில் துத்வா காட்டின் ஓரத்தில் பில்லி அர்ஜன் சிங் என்பவர் வாழ்ந்தார். முன்பு வேட்டைக்காரராக இருந்து பின்னர் வனவிலங்குகளின் காவலரானவர். 1970களில் சிறுத்தைக் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்குப் பழக்கினார். 1976இல் இங்கிலாந்தின் டுவைகிராஸ் விலங்குக் காட்சிசாலையிலிருந்து தாரா என்ற பெண் புலிக்குட்டி அவரிடம் வந்தது. நாள்தோறும் அதைக் காட்டுக்குள் நடத்திச் சென்று பழக்கினார். 1978இல் தாரா காட்டோடு போய்விட்டது.

பிறகுதான் சிக்கல் எழுந்தது. அப்பகுதியில் மனிதர்களைக் கொன்ற ஒரு பெண் புலி சுடப்பட்டது. அதுதான் தாரா என்றனர் அதிகாரிகள். இல்லை என்றார் அர்ஜன் சிங். அவர் காட்டிய சான்று என்ன தெரியுமா? புகைப்படங்கள்! தாராவின் முகத்திலுள்ள வரிகள் வேறு, சுடப்பட்ட புலியின் வரிகள் வேறு என்று அவர் வாதிட்டார். கைரேகையைப் போல, ஒரு புலியின் வரிகள் மற்றொரு புலிக்கு இருப்பதில்லை. ஒரு விலங்கின் நற்பெயரும், அது போன்ற முயற்சிகளின் எதிர்காலமும் சில படங்களைப் பொறுத்து நின்றன. தாராவின் மூதாதையரில் சைபீரியப் புலியும் கலந்திருந்தது பிற்காலத்தில் தெரியவந்தபோது மற்றொரு பாடமும் கிடைத்தது: எந்த விலங்கை எந்தக் காட்டில் விடுகிறோம் என்பதையும் முன்கூட்டியே ஆராய வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டில் 2009க்குள் புலிகளே இல்லாமல் போயின. வேறு காடுகளிலிருந்து புலிகளைக் கொண்டுவந்தார்கள். கான்ஹாவில் தாயை இழந்து, அடைப்புக்குள் வளர்ந்த இரண்டு பெண் புலிகளும் 2011இல் அங்கே விடப்பட்டன. அவை வேட்டையாடிப் பிழைத்துக் குட்டிகளும் ஈன்றன.

நம் தமிழகத்திலும் 2021 செப்டம்பரில் வால்பாறை அருகே முடீஸ் பகுதியில் மெலிந்துபோன ஒரு புலிக்குட்டி மீட்கப்பட்டது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மானாம்பள்ளி வனச்சரகத்தில் அதற்கென 10,000 சதுர அடியில் ஓர் அடைப்பை அமைத்து, 2022 ஜூனில் அதற்குள் விட்டார்கள். வேட்டை பழகுவதைக் கேமராக்கள் மூலம் கவனித்தார்கள். மனிதர் கண்ணில் படக்கூடாது என்பதே இத்தகைய பயிற்சியின் முதல் விதி.

ஆளில்லாத கேமரா

ஆள் இல்லாமல் படம் எடுப்பது எப்படி? ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் வட இந்தியக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் ஒரு வழி கண்டார். விலங்கு நடக்கும் பாதையில் மெல்லிய கம்பியைக் கட்டினார். புலியின் கால் கம்பியில் பட்டதும் மக்னீசியப் பொடி பளீரென எரியும், கேமரா இயங்கும். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது! 1927இல் அப்படங்கள் நூலாக வெளிவந்தன.

இன்று கம்பி தேவையில்லை. சூடான பொருள்கள் எல்லாம் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. தானியங்கிக் கேமராவில் இக்கதிர்களை உணரும் கருவி உண்டு. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உடல் குறுக்கே நகர்ந்தால் கருவி அந்த மாற்றத்தை உணர்ந்து படம் எடுக்கச் செய்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் வேலூர்ப் பக்கத்துக் கோடை நண்பகலில் பாறையும் மண்ணும் விலங்கின் உடல் அளவுக்குச் சூடேறிவிடும். அப்போது வேறுபாடு தெரியாமல் கருவி ஏமாந்துபோகலாம். நல்ல வேளையாகப் பூனைகள் அந்த நேரத்தில் நிழலில் உறங்குகின்றன.

இரவில் சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் பூனையின் கண் விளக்கைப் போல மின்னும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதே காரணம். அந்த வெளிச்சம் விலங்கை மிரளச் செய்யும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அதனால்தான் இரவுப் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருக்கின்றன. சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எனவே பாதையின் இரு புறமும் ஒவ்வொரு கேமரா வைப்பார்கள். நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த் இவ்வாறு புலிகளை அடையாளம் கண்டு, அவற்றின் எண்ணிக்கையைக் கணிக்கும் முறையை 1995இல் வெளியிட்டார்.

படத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இப்போது நம் படத்துக்கு வருவோம். நாம் விட்ட பூனை, வாயில் இரை. அறிவியலாளர் உடனே கைதட்டமாட்டார். கேள்விகளை அடுக்குவார்.

முதலாவது, இது நாம் விட்ட பூனைதானா? புள்ளிகளையும் வரிகளையும் பழைய படத்துடன் ஒப்பிட வேண்டும். வரிகள் மங்கலான காட்டுப்பூனையில் இது கடினம். காது வெட்டு, தழும்பு, வால் வளையங்கள் உதவும்.

இரண்டாவது, இரையைக் கொன்றது யார்? செத்துக் கிடந்ததை எடுத்திருக்கலாம், நரியிடமிருந்து பறித்திருக்கலாம். இரையின் உடலைப் பார்த்தால் உண்மை தெரியும். உயிருடன் இருக்கும்போது கடித்திருந்தால் பல் பதிந்த இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தம் கசிந்து கன்றியிருக்கும். செத்தபின் கடித்திருந்தால் அவ்வாறு கசியாது.

மூன்றாவது, இரை என்ன? முயலா, எலியா, காடையா? அல்லது ஊர்க்கோழியா, வெள்ளாடா? வெள்ளாட்டுடன் நிற்கும் சிறுத்தை வேட்டையில் தேறிவிட்டது. ஆனால் காட்டில் வாழத் தேறவில்லை. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அந்த ஆடு பெரும் சேமிப்பு. இழந்தவர் ஆத்திரத்தில் மிச்ச இறைச்சியில் விஷம் வைத்தால் பூனையும் சாகும், அதைத் தின்ன வரும் கழுகும் நரியும் சாகும்.

நான்காவது, எத்தனை முறை? ஒரு படம் ஒரு நாளின் சாட்சி மட்டுமே. பிழைப்பது என்பது மாதக்கணக்கில் வேட்டையாடுவது. ஆகவே எச்சத்தையும் சேகரிக்கிறார்கள். செரிக்காத மயிரை நுண்ணோக்கியில் பார்த்தால், தின்றது எந்த விலங்கு என்று தெரிந்துவிடும்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. படம் எடுத்தவர் எங்கே நின்றார்? பட்டப்பகலில் பத்தடி தூரத்தில், பூனை கேமராவை அமைதியாகப் பார்த்தபடி இரையைத் தின்கிறது என்றால், அது மனிதனைக் கண்டு அஞ்சவில்லை என்று பொருள். அஞ்சாத பூனை நாளை ஊருக்குள் வரும். மிக அழகான படம் சில வேளைகளில் மிக மோசமான செய்தியாகிவிடுகிறது! மாறாக அஞ்சும் பூனையை நெருங்கினால் இரையை விட்டு ஓடிவிடும். குட்டிகள் அன்று பட்டினி.

நாம் செய்யக்கூடியது

கரும்புத் தோட்டத்தில் குட்டிகளைக் கண்டால் பெரும்பாலும் அவை அனாதைகள் அல்ல. தாய் இரை தேடப் போயிருக்கும். ஆள் அரவம் அடங்கியதும் வந்து கழுத்தைக் கவ்வி வேறிடம் கொண்டுபோகும். தொடாமல், வளர்க்க எடுக்காமல், சற்று விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை பத்திரிகையிலோ கைப்பேசியிலோ இரையுடன் நிற்கும் ஒரு விலங்கின் படத்தைப் பார்த்தால் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கையால் வளர்ந்த குட்டி ஒன்று மனிதரை மறந்து, இருட்டில், தன் இரையைக் கவ்விக்கொண்டு புதருக்குள் மறைகிறது; படத்தில் மங்கலான முதுகும் வாலும்தான் தெரிகின்றன. அந்தப் படத்தை வளர்த்தவர் சட்டம் போட்டு மாட்டமாட்டார். ஆனால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார்.