பொங்கினால் கறை போகுமா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், குளியலறை வாளியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். திண்டுக்கல்லில் போர் தண்ணீர் புழங்குகிற வீடு என்றால், வாளியின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். குழாய் முனையிலும், ஹீட்டர் கம்பியிலும், டைல்ஸிலும் அதேதான். சோப்பு போட்டுத் தேய்த்தால் கைதான் வலிக்கும். கறை அப்படியே இருக்கும்.

அது அழுக்கு இல்லை, கல். நம் ஊர் நிலத்தடி முழுக்கப் பாறை. அதன் இடுக்குகளில் நாள்கணக்கில் கிடக்கிற தண்ணீர் கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. தண்ணீர் காய்ந்ததும், அல்லது கொதித்ததும், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் படிந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும் இந்த உப்புகளால்தான்.

சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பது புளிப்பு, அதாவது அமிலம். புளியில் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையில் சிட்ரிக் அமிலமும் இருக்கின்றன. ரசத்துக்குக் கரைத்த நத்தம் புளியின் சக்கையையும், பிழிந்த எலுமிச்சை மூடியையும் நாம் குப்பையில் போட்டுவிட்டு, அமிலம் அடைத்த பாட்டிலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சக்கையைத் துணியில் வைத்துக் குழாய் முனையில் சுற்றி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். வேலையைச் செய்வது அந்த அரை மணி நேரம்தான், நம் கைபலம் இல்லை.

எண்ணெய்ப் பிசுக்குக்குப் புளிப்பு உதவாது. அதற்கு எதிர்க்கட்சி வேண்டும்: காரத்தன்மை உள்ள சோடா. பிரியாணி அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரத்தில், கருகியது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் கரி இளகி வரும். சலவை சோடா இதைவிட வீரியமானது. ஆனால் அலுமினியச் சட்டியில் சோடாவே வேண்டாம். உலோகம் கறுக்கும், அரிக்கும். அங்கே வெந்நீரில் ஊறவைப்பதே நல்லது.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். புளிப்பு கல்லைக் கரைக்கிறது, சோடா பிசுக்கை எடுக்கிறது, இரண்டையும் கலந்தால் இரட்டிப்பு வேகம் என்று தோன்றும். வினிகரில் சோடாவைக் கொட்டியதும் புஸ்ஸென்று பொங்கும். பார்க்கிறவருக்குக் கறையெல்லாம் ஓடுவது போலவே இருக்கும். உண்மையில் அந்த நுரை வெறும் கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டன. நூறு ரூபாய் சம்பளம் வந்த அன்றே நூறு ரூபாய் கடனைக் கட்டியது மாதிரி: கை நிறையப் பணம் புழங்கியது, மிஞ்சியது ஒன்றுமில்லை. பொங்கி அடங்கிய பின் இருப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். இந்தக் கலவையைப் பாட்டிலில் அடைத்து மூடிவைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கவும் கூடும். ஆகவே ஒன்றைப் போட்டு, ஊறவைத்து, நன்றாக அலசிய பிறகே மற்றதை எடுக்க வேண்டும்.

இதுவரை சொன்ன கலவையில் நஷ்டம் மட்டும்தான். இதே எண்ணத்தில் செய்யும் இன்னொரு கலவை ஆளையே சாய்க்கும். கழிவறையில் ஆசிட் ஊற்றி, கறை போகவில்லை என்று மேலே பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறார்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். நாமோ கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து உட்கார்ந்து தேய்க்கிறோம். ஆசிட் மட்டுமல்ல, வினிகரும் எலுமிச்சையும்கூடப் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது.

தவறிக் கலந்துவிட்டால் கழுவிச் சரிசெய்ய அங்கேயே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்து, கதவைத் திறந்தபடி விட்டு, குழந்தைகளையும் முற்றத்துக்கு அழைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் பதினைந்து நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மூச்சு இறுகினாலோ, இருமல் நிற்காவிட்டாலோ 108-க்குச் சொல்லிவிடுங்கள். என்னென்ன கலந்தது என்று அவர்களிடம் சொல்வது முக்கியம்.

புளி, எலுமிச்சையை நம்பி இறங்குவதற்கு முன் தரையை ஒருமுறை பாருங்கள். மொசைக்கிலும் மார்பிளிலும் இருப்பது வாளியில் படிந்த அதே கால்சியம் கார்பனேட். கறையைக் கரைக்கும் புளிப்பு தரையின் பளபளப்பையும் கரைக்கும். அங்கே எண்ணெய் கொட்டினால் முதலில் மாவையோ சாம்பலையோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.