பூட்டிய வீட்டுக்குச் சிறு செலவில் காவல்

2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய ரேணிகுண்டாவில் அரக்கோணம், கூடூர், குண்டக்கல், திருப்பதி ஆகிய நான்கு ரயில் பாதைகள் கூடுகின்றன. ரயில்வே வேலையை முன்னிட்டும், கரகம்பாடி போன்ற அண்டை ஊர்த் தொழிற்சாலைகளை நாடியும், சிறு கடை வைத்தும் இங்கே வாழும் தமிழர் பலர். 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆயினும் புத்தூர் வழியே செல்லும் ரயில் உறவை அறுத்துவிடவில்லை. பொங்கலோ ஆடிக் கிருத்திகையோ வந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு விடுகிறோம். திருடன் எதிர்பார்ப்பதும் அந்த நாலைந்து நாட்களைத்தான்.

புறப்படுமுன் நம்மவர் செய்வது என்ன? கடைக்குச் சென்று பெரிய பூட்டாகப் பார்த்து வாங்குகிறோம். பூட்டைக் குறை கூறுவதற்கில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். அதனுள்ளே நெம்புத் தகடுகள் பல உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்திற்குச் சரியாக எழும்பினால்தான் நாக்கு நகரும். ஒரு தகடு குறைவாக எழும்பினாலும் திறவாது, மிகுதியாக எழும்பினாலும் திறவாது. இந்த முறையை 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் செம்மை செய்தார். இத்தகைய பூட்டோடு மல்லுக்கு நிற்கத் திருடனுக்குப் பொழுது ஏது? அவன் கடப்பாரையைக் கொண்டியில் கொடுத்து நெம்புகிறான். அரை அங்குலத் திருகாணியில் நிற்கும் தகரக் கொண்டி, பூட்டு பூட்டியபடியே இருக்கக் கையோடு பெயர்ந்து வருகிறது.

ஆதலின் முதற்செலவு கொண்டிக்கே ஆகவேண்டும். கனத்த இரும்புக் கொண்டியைத் திருகாணிக்குப் பதிலாக, கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட்டால் பிணித்து, உட்புறம் நட்டு இட்டு முடுக்கவேண்டும். கொண்டியைச் சாத்தியபின் திருகாணித் தலை எதுவும் வெளியே தெரியலாகாது. நிலையில் உள்ள வளையத்துக்கும் கீல்களுக்கும் நீண்ட திருகாணி வேண்டும். நிலை உளுத்திருந்தால் இவையெல்லாம் வீண். வாடகை வீடாயின் சொந்தக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். தச்சருக்கு இது அரைநாள் வேலை.

வெளியே தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே அறிவிக்கும். இயன்றவர் கதவிலேயே பதிக்கும் பூட்டைப் பொருத்துவது நலம். பாலையும் செய்தித்தாளையும் நிறுத்திச் செல்லுங்கள். பூந்தொட்டியின் கீழ்ச் சாவி வைக்கும் வழக்கம் திருடனுக்கும் தெரிந்ததே! அதைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து, மாலையில் ஒரு விளக்கைப் போட்டு வைக்கச் சொல்லலாம். அவர் தெலுங்கர், நமக்குப் பேச்சு சரியாக வராது என்று ஒதுங்கி வாழ்வோர்க்கு இந்தக் காவல் கிட்டாது. காசில்லாத காவல் இதுவே. இதைவிடச் சிறந்ததும் வேறில்லை.

கடைக்காரர் நிலை சற்று வேறு. ஷட்டரின் இரு புறமும் பூட்டியிருந்தாலும், நடுவில் ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி ஆள் நுழைந்துவிடுவான். ஆகவே நடுப்பூட்டு இன்றியமையாதது. இரவில் கல்லாவைக் காலி செய்து, இழுப்பறையைத் திறந்தே வையுங்கள். உடைத்த இழுப்பறைக்குத் தனிச் செலவாகும். கேமரா திருட்டைக் காட்டுமேயன்றித் தடுக்காது. அதனைக் கடைசியில் வாங்கினால் போதும். பதிவுப் பெட்டியைக் கல்லாவின் அருகே வைத்தால் திருடன் அதையும் எடுத்துச் செல்வான்.

நகைக்கு வங்கிப் பெட்டகம் உண்டு. 1-1-2022 முதல் நடப்புக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ போன்றவற்றால் பெட்டகப் பொருள் போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரையில். வாடகை 1,500 ரூபாயெனில் உச்ச வரம்பு ஒன்றரை லட்சம். நகை அதனினும் மிகுதியானால், அந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தே வைக்கவேண்டும்.

பூட்டிய வீட்டில் காவல்துறையே இலவசமாகக் கேமரா வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாட்டை ஆந்திரக் காவல்துறை கொண்டுவந்தது. உங்கள் பகுதியில் அது கிடைக்குமா என்று புறப்படுமுன் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலூரில் இருக்கையில், வீடு உடைந்தது என்ற செய்தி வந்தால் பக்கத்து வீட்டாரை 112-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீட்டினுள் எதையும் தொடவேண்டாம் என்றும் கூறுங்கள். 1-7-2024 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் நீங்கள் இருக்கும் ஊர் நிலையத்திலேயே தகவல் தரலாம். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிப் படித்துக் காட்டவேண்டும்; அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையொப்பம் இடவேண்டும்.

அப்போது கேட்கப்படுவது நகையின் எடையும் அடையாளமும். ரசீதுகளையும் நகைகளின் படங்களையும் பூட்டிய வீட்டுப் பீரோவிலேயே வைத்துவிட்டால் அவை உதவா. ஒரு படியை ஊரில் உள்ள உடன்பிறந்தவரிடம் கொடுத்து வையுங்கள்.