வைரம்: சுரங்கம் முதல் பட்டறை வரை

நவமணிகளுள் முதலிடம் பெறும் வைரம், வேதியியல் நோக்கில் வெறும் கரியே ஆகும். சம எடையுள்ள கரியும் வைரமும் எரியும்போது ஒரே அளவு கரியமில வாயுவையே தருகின்றன என்பதை 1797ஆம் ஆண்டில் ஆங்கிலேய விஞ்ஞானி ஸ்மித்சன் டென்னன்ட் மெய்ப்பித்தார். அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில்தான் வேறுபாடு. நிலத்திற்கடியில் சுமார் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான வைரங்களை எரிமலைக் குழம்பு மேலே கொணர்ந்தது.

உறுதியும் ஒளியும்

கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்திற்கு 10. அடுத்த நிலையிலுள்ள மாணிக்கத்திற்கும் நீலத்திற்கும் 9. இவ்விரண்டும் ஒரே அலுமினிய ஆக்ஸைடுதான். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். முத்தும் பவளமுமோ கனிமங்களே அல்ல. கடல்வாழ் உயிர்கள் தருபவை.

வைரத்தைத் தீட்ட வைரப் பொடியே வேண்டும். ஆயினும் கடினம் வேறு, உடையாமை வேறு. சில திசைகளில் தட்டினால் வைரம் எளிதில் பிளந்துவிடும். ஆகவே சுத்தியலால் அடித்து வைரத்தின் தரத்தைச் சோதிக்கலாம் என்ற நம்பிக்கை தவறானது. உள்ளே புகும் ஒளியைப் பெரிதும் வளைத்து மீண்டும் வெளியே திருப்பும் ஆற்றலே வைரத்தின் ஒளிர்வுக்குக் காரணம். பட்டைகளின் கோணம் பிழைத்தால் ஒளி அடிப்புறமாகக் கசிந்து, கல் மங்கித் தோன்றும். வைரத்தின் எடையைக் குறிக்கும் காரட் என்பது 200 மில்லிகிராம்.

இந்தியாவின் சுரங்கங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வைரம் கண்டறியப்படும் வரை, உலகிற்கு வைரம் வழங்கிய தலையாய நாடு இந்தியாவே. அர்த்தசாஸ்திரமும் வைரத்தைப் பற்றிப் பேசுகிறது. புகழ்பெற்ற கோல்கொண்டா சுரங்கமன்று, சந்தை. கற்கள் கிடைத்தவை கிருஷ்ணா நதிக்கரையிலுள்ள கொல்லூர் போன்ற இடங்களில்தான். கோஹினூர் 1849இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1852இல் அதை மீண்டும் பட்டை தீட்டியபோது 186 காரட்டிலிருந்து சுமார் 106 காரட்டாகக் குறைந்தது.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில், தேசியக் கனிம வளர்ச்சிக் கழகத்தின் மஜ்காவான் சுரங்கம் உள்ளது. வனவிலங்குகள் வாழும் பகுதியில் அமைந்திருப்பதால், அனுமதிக் காலம் முடிந்து, 2021இன் தொடக்கத்தில் அதன் பணியை நிறுத்த நேர்ந்தது. அதே மாவட்டத்தில் ஏழை உழைப்பாளிகள் சிறு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சரளை மண்ணைத் தோண்டிக் கழுவி வைரம் தேடுகின்றனர். கிடைத்த கல்லை அரசின் வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏலத் தொகையில் உரிமத் தொகையும் வரியும் போக எஞ்சியது கண்டெடுத்தவருக்கு உரியது. பலருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் கிடைப்பதில்லை.

சூரத்தின் கைத்திறன்

இன்று இந்தியாவின் வலிமை சுரங்கத்தில் இல்லை, பட்டறையில் உள்ளது. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால், பத்தில் ஒன்பது இந்தியாவில்தான் தீட்டப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி குஜராத்தின் சூரத் நகரைச் சேர்ந்தது. பிற நாடுகள் இலாபமில்லை என ஒதுக்கிய மிகச் சிறிய கற்களை ஏற்றுத் தீட்டியதே இத்தொழில் வேரூன்றக் காரணம். சௌராஷ்டிரத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து வந்த இலட்சக்கணக்கானோர் இதில் பிழைக்கின்றனர்.

கச்சாக் கல்லும் வெளிநாட்டினுடையது. வாங்குவோரும் பெரும்பாலும் வெளிநாட்டவரே. எனவே எங்கோ ஏற்படும் மந்தம் சூரத்தின் அடுப்புகளை அணைத்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியில் பட்டறைகள் பல மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின் மீதான தீர்வையை 50 சதவீதமாக உயர்த்தியது மற்றோர் அடி. பெரும்பாலோர் தீட்டிய கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுவதால், வேலை குறைந்த அன்றே வருவாயும் குறைகிறது. 2025இல் குஜராத் அரசு, வேலையிழந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டண உதவி அறிவித்தது.

ஆய்வகத்தில் விளையும் வைரம்

மெல்லிய வைரத் துண்டை விதையாக இட்டு, மீத்தேன், ஹைட்ரஜன் வாயுக்களின் நடுவே வளர்த்தால் சில வாரங்களில் வைரம் உருவாகிறது. இது போலியன்று, இயற்கை வைரத்தின் அதே பொருளே. கருவிகளின் உதவியின்றிப் பிரித்தறிவது அரிது. இதன் உற்பத்தி பெருகப் பெருக விலை வெகுவாகச் சரிந்துள்ளது. உள்நாட்டிலேயே விதைகளும் இயந்திரங்களும் உருவாக, 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் ஆராய்ச்சி மானியம் அறிவிக்கப்பட்டது. அப்பணி சென்னை ஐ.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும் வைரத்திற்கு, அணிகலன்களுக்கு அப்பால் மின்னணுத் துறையிலும் பயன் உண்டு.

இயற்கை வைரமாயினும் ஆய்வகத்தில் விளைந்ததாயினும், அதற்கு ஒளி தருவது பட்டை தீட்டுபவரின் கையும் கண்ணுமே. வேலைக்கு உறுதியும், வைப்பு நிதியும், மந்தக் காலத்தில் மாற்றுப் பயிற்சியும் அவருக்குக் கிடைத்தால்தான் இத்தொழிலின் ஒளி நிலைக்கும்.