வேலை எர்ணாகுளத்தில், வீடு திருப்பூணித்துறையில்

கொச்சிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்பது, "வீடு எங்கே பார்க்கலாம்?" என்பதுதான். அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்றால் வாடகை கட்டுப்படியாவதில்லை. வெகுதூரம் தள்ளிப் போனாலோ வாழ்நாளில் ஒரு பங்கு சாலையிலேயே கழிந்துவிடும். ஆகவே தினமும் நகரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்புவதற்கு வசதியான ஊர் எது என்று தேடுகிறோம். அத்தகைய ஊருக்கு இருக்க வேண்டிய லட்சணங்கள் யாவை? எர்ணாகுளத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள திருப்பூணித்துறையையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கிலோமீட்டரை விட நிமிடம் முக்கியம்

வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஆகும் நேரமே உண்மையான தூரம். அதில் நான்கு பகுதிகள் உண்டு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை, வண்டிக்காகக் காத்திருத்தல், வண்டியில் பயணம், இறங்கிய பின் அலுவலகம் வரை நடை. நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டும் கணக்கிடுகிறோம். மற்ற மூன்றும்தான் நம்மைக் களைப்படையச் செய்பவை.

காத்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடினால் சராசரியாக 5 நிமிடம் நிற்க வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. மணிக்கு ஒரு வண்டி என்றால், ஒரு நிமிடம் பிந்தியதற்கு ஒரு மணி நேரம் அபராதம்! அதனால் வண்டியின் வேகத்தைக் காட்டிலும் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதே பயணிக்கு முக்கியம்.

திருப்பூணித்துறை வழியாகச் செல்லும் எர்ணாகுளம்–கோட்டயம் ரயில் பாதை 1956-ல் திறக்கப்பட்டது. அன்று அது மீட்டர் கேஜ். 1970-களில் பிராட் கேஜ் ஆயிற்று. எனினும் நீண்ட காலம் ஒற்றைப் பாதையாகவே இருந்தது. ஒற்றைப் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால், இரண்டில் ஒன்று ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். இதை ரயில்வேயில் 'கிராசிங்' என்போம். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு எப்போதும் நிற்பது பாசஞ்சர்தான். ஒரு வண்டி தாமதமானால் எதிர் வண்டியும், அதன் பின் வருவதும் தாமதமாகும். எர்ணாகுளம் முதல் கோட்டயம் வழியாகக் காயங்குளம் வரை இரட்டைப் பாதைப் பணி முழுமையடைந்தது 2022 மே மாதத்தில்தான். அன்றாடம் போய்வருவோருக்கு அது பெரிய ஆறுதல்.

அதை விடப் பெரிய மாற்றம் மெட்ரோ. 2017-ல் ஆலுவாவில் தொடங்கிய பாதை படிப்படியாக நீண்டு, 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை ரயில் நிலையத்தை ஒட்டிய முனையத்தை அடைந்தது. மொத்தம் 25 நிலையங்கள், சுமார் 28 கிலோமீட்டர். வைட்டிலா, எர்ணாகுளம் சவுத், மகாராஜாஸ் கல்லூரி, கலூர், இடப்பள்ளி எல்லாம் ஒரே வண்டியில். காக்கநாட்டில் வேலை என்றால் வைட்டிலாவில் இறங்கி, 2023 ஏப்ரலில் தொடங்கிய படகு மெட்ரோவில் போகலாம். சீசன் டிக்கெட்டில் சிக்கனமாகப் போக ரயில். நேரம் பார்க்காமல் கிளம்ப மெட்ரோ. ஒன்று கைவிட்டால் மற்றொன்று இருப்பது ஓர் ஊருக்குப் பெரிய பலம்.

ரயிலுக்கு முன்பே இருந்த ஊர்

சென்னையில் 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் அப்பாதை நெடுகக் குடியிருப்புகள் பெருகின. அங்கே ரயில் முன்னே போயிற்று, வீடுகள் பின்னே வந்தன. திருப்பூணித்துறையின் கதை வேறு. இது கொச்சி அரச குடும்பத்தார் வாழ்ந்த ஊர். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-ல் ரயில் கொண்டுவந்தவர் கொச்சி மகாராஜா ராமவர்மா. அதற்குப் பணம் திரட்ட, இவ்வூர்ப் பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை அவர் விற்றார் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்த ரயில் இவ்வூர்ப் பக்கம் வரவில்லை. பொன் கொடுத்த ஊர் ரயிலுக்காக மேலும் 54 ஆண்டுகள் காத்திருந்தது!

அந்தத் தாமதத்திலும் ஒரு நன்மை உண்டு. ரயிலும் மெட்ரோவும் வருமுன்பே ஊர் ஊராக நிலைபெற்றுவிட்டது. கோயில், கடைத்தெரு, சம்ஸ்கிருதக் கல்லூரி, ஆயுர்வேதக் கல்லூரி, ஆர்.எல்.வி. இசை நுண்கலைக் கல்லூரி எல்லாம் இங்கேயே இருக்கின்றன. கார்த்திகை மாதத்தில் விருச்சிக உற்சவம் எட்டு நாள். செண்டை மேளமும் கதகளியும் கச்சேரியும் உண்டு. ஓணத்துக்கு முன் அத்தச்சமயம் ஊர்வலம். 1865-ல் கட்டப்பட்ட ஹில் பேலஸ் 1986 முதல் அருங்காட்சியகம். 'சந்திரமுகி'க்கு மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டவை என்றால் பிள்ளைகள் ஆவலோடு வருவார்கள்.

இரவு தூங்க மட்டும் வந்து போகும் ஊர் சத்திரத்துக்குச் சமம். பகலில் வீட்டிலிருக்கும் மனைவிக்கும், வயதான பெற்றோருக்கும் நடந்து போகும் தூரத்தில் ஓர் உலகம் வேண்டாமா? சம்பாதிப்பவர் எட்டு மணிக்குக் கிளம்பிய பிறகு ஊர் எப்படி இருக்கிறது என்பதுதான் சரியான பரீட்சை.

குறைகளும் உண்டு

கோட்டைக்குள் அமைந்த பழைய தெருக்கள் குறுகலானவை. மாலை நெரிசல் கடுமை. தோடுகள் நிறைந்த தாழ்வான பூமியாதலால் மழையில் தண்ணீர் தேங்கும் இடங்கள் உண்டு. பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தூரமில்லை; 2023 மார்ச்சில் அது தீப்பற்றியபோது கொச்சியும் சுற்றுப்புறமும் பல நாள் புகையில் தவித்தன. போக்குவரத்து வசதி கூடினால் வாடகையும் மனை விலையும் கூடவே ஏறும் என்பதையும் மறக்கலாகாது.

வீடு பார்க்கும்போது

1. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.
2. ஸ்டேஷனுக்கு நடந்தே போக முடியுமா என்று பாருங்கள். ஆட்டோவை நம்பினால் மாதக் கடைசியில் வாடகை மிச்சம் காணாமல் போகும்.
3. பலத்த மழை பெய்த மறுநாள் தெருவைப் பாருங்கள்.
4. அரிசி, மருந்து, பள்ளி, மருத்துவர் நடை தூரத்தில் உண்டா என்று கேளுங்கள்.

இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி, மனிதர் சராசரியாக ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரமே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று 1994-ல் எழுதினார். அந்த அளவு மிஞ்சினால் தூக்கமோ குடும்பமோ விலை கொடுக்கும். ஒரு வழிக்கு 45 நிமிடம் மிச்சமானால் நாளுக்கு ஒன்றரை மணி. 300 வேலை நாளுக்கு 450 மணி, அதாவது ஏறத்தாழ 19 முழு நாட்கள்.

நம்மைப் போல வெளிமாநிலத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படித்து வரும் குழந்தைக்குத் தமிழ் காதில் விழுவது பெரும்பாலும் வீட்டில் மட்டுமே. குழந்தை உறங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பன் அதனோடு எப்போது தமிழ் பேசுவான்? வீடு பார்க்கப் புறப்படும்போது வாடகையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.