மின்சாரக் கார்களும் பொதுவான பிளக்கும்

"உங்க வண்டிக்கு எங்க குழாய் சேராது" என்று எந்தப் பெட்ரோல் பங்க்கிலாவது திருப்பி அனுப்பியிருக்கிறார்களா? மின்சாரக் காரில் அது நடக்கும். அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது.

அங்கே வேகமாகச் சார்ஜ் ஏற்ற மூன்று வகைப் பிளக்குகள். 2010ல் ஜப்பானிலிருந்து நிஸான் லீஃப் காரோடு வந்தது சாடெமோ. ("டீ சாப்பிடலாமா?" என்ற ஜப்பானிய வாக்கியத்தை வைத்து விளையாடிய பெயர். டீ குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடுமாம்!) பல கம்பெனிகள் சேர்ந்து ஏற்றது சி.சி.எஸ். டெஸ்லாவோ 2012ல் தனிப் பிளக்கும், சூப்பர்சார்ஜர் என்ற சொந்த நிலையங்களும் போட்டுக்கொண்டது.

சி.சி.எஸ்.ஸில் ஏ.சி.க்கு ஒரு பகுதி, அதன் கீழே டி.சி.க்கு இரண்டு தடித்த பின்கள். டெஸ்லாவில் அதே இரண்டு பின்கள் இரண்டுக்கும் உதவும். கைக்கு அடக்கமானது. எலெக்ட்ரிக்கல் படிக்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு டெஸ்லா பிளக்குக்குத்தான்.

2022 நவம்பரில் அந்த வடிவத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று டெஸ்லா திறந்துவிட்டது. 2023 மே மாதம் ஃபோர்டும், ஜூனில் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்தன. இப்போது அது ஜே3400 என்ற பொதுத் தரம்.

சரி, பிளக் பொருந்தினால் கரண்ட் வந்துவிடுமா? அதுதான் இல்லை. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காரும் சார்ஜரும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறை சூப்பர்சார்ஜருக்கு டெஸ்லா பாஷை மட்டுமே தெரியும். ஃபோர்டு அங்கே சும்மா நிற்க வேண்டியதுதான். மூன்றாம் தலைமுறை 250 கிலோவாட் வரை தரும், ஆனால் வோல்டேஜ் 500க்குள். ஹூண்டாய் ஐயானிக் 5 போன்ற 800 வோல்ட் வகைக் கார் அதை உள்ளேயே உயர்த்தி ஏற்றுவதால் வேகம் குறைகிறது. கேபிளும் குட்டை. டெஸ்லாவின் சார்ஜிங் வாய் பின்னால் இடப்பக்கம். அதற்கு அளந்து போட்டது. வேற கார் வந்தா இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வரிசையில் இருப்பவர் திட்டத்தானே செய்வார்!

அடுத்தது பணம். ஒரு பாங்க் கார்டை இன்னொரு பாங்க் ஏ.டி.எம்.மில் போட்டு எடுக்கிறோமே, அது மாதிரி நிலையங்களுக்குள் கணக்குத் தீர்க்க ஓ.சி.பி.ஐ. என்ற விதிமுறை. சார்ஜரும் தலைமைக் கம்ப்யூட்டரும் பேச ஓ.சி.பி.பி. இது நெதர்லாந்தில் பிறந்தது. நிலையம் நடத்தும் கம்பெனி மாறினாலும் சார்ஜரைக் குப்பையில் போட வேண்டாம்.

இவ்வளவு இருந்தும் 2024 ஏப்ரல் கடைசியில் டெஸ்லா தன் சூப்பர்சார்ஜர் பிரிவில் சுமார் 500 பேரை ஒரேயடியாக நீக்கியது; பிறகு சிலரை மட்டும் திரும்ப அழைத்தது. அந்த நிலையங்களை நம்பி வேறு கம்பெனிக் கார் வாங்கியவர்கள் பாடு என்ன? பிளக்கைத் திறந்துவிட்டார்கள், நிலையத்தின் சாவி அவர்கள் கையில்தான் என்று எனக்குப் பட்டது.

நம் நாட்டில் கார்களின் வேகச் சார்ஜிங்குக்கு சி.சி.எஸ்.2 பரவிவிட்டது. ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளுக்கு, ஓசூரில் தொழிற்சாலை நடத்தும் ஏத்தர் உருவாக்கிய பிளக்கை 2023ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்றது. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள்: ஐ.எஸ். 17017 வரிசை.