வெயிலும் வைட்டமின் டி-யும்

காலை ஏழு மணி. மூடிய கண்ணாடிச் சன்னலருகே பாட்டி வெயில் காய்கிறார். "இளவெயில் எலும்புக்கு நல்லது" என்கிறார். வெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் இந்த வெயிலில் கிடைக்குமா?

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் நன்கு உறிஞ்ச வைட்டமின் டி தேவை. அது குறைந்தால் பெரியவர்களின் எலும்பு வலுவிழக்கும். முட்டையின் மஞ்சள் கருவிலும் சில மீன்களிலும் இச்சத்து உண்டு. எனினும், பெரும்பகுதியை நம் தோலே தயாரிக்கிறது. தோலிலுள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்னும் பொருளின் மீது சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டால் அது வைட்டமின் டி-யாக மாறத் தொடங்குகிறது.

சன்னல் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உள்ளே விடும். இக்கதிர்களை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். பாட்டிக்குக் கிடைப்பது வெளிச்சமும் வெப்பமும்தான்.

வெளியே வந்தால் போதுமா? வானிலும் ஒரு தடை உண்டு. அதுதான் ஓசோன். சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் உள்ளபோது, அதன் கதிர்கள் காற்றில் கடக்கும் தூரம் உச்சி வேளையைப் போல் இரு மடங்காகும். அப்படியானால் பாதிக் கதிர்கள் வந்து சேருமா? இல்லை. ஓர் அலைநீளக் கதிரில் பத்தில் ஒரு பங்குதான் முதல் மடங்கு தூரத்தைக் கடக்கிறது என்று கொள்வோம். அடுத்த மடங்கில் அதிலும் பத்தில் ஒரு பங்கே தப்பும். மிஞ்சுவது நூறில் ஒன்று! ஆகவே அதிகாலை வெயிலில் இக்கதிர்கள் மிகக் குறைவு.

வயதும் குறுக்கே நிற்கிறது. 1985-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 77 முதல் 82 வயதினரின் தோல், 8 முதல் 18 வயதினரின் தோலைவிடப் பாதிக்கும் குறைவாகவே இச்சத்தின் முன்வடிவைத் தயாரித்தது. 2010-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம், பெரியவர்களுக்கு 70 வயது வரை நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம் என்றும், அதற்கு மேல் 20 மைக்ரோகிராம் என்றும் பரிந்துரைத்தது.

இந்த அளவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வேறுபாடு பெரும்பாலும் வாழ்க்கை முறையில்தான். நாள் முழுவதும் சமையலறையில் இருப்பவருக்கும், அலுவலக அறையில் இருப்பவருக்கும் வெயில் எட்டாது. ஆனால் மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்வதால், இக்குறை அவர்களை அதிகம் தாக்கும். அந்நிலையில் வழுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறியலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளந்து வாருங்கள். நிழல் குச்சியைவிட நீளமாக இருந்தால் சூரியன் 45 பாகைக்குக் கீழே உள்ளது, இக்கதிர்கள் குறைவு. நிழல் குச்சியைவிடக் குட்டையாகும்போது பாட்டியின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வாருங்கள். கைகளிலும் கால்களிலும் சிறிது நேரம் வெயில் பட்டால் போதும். தோல் கன்றும்வரை நிற்க வேண்டாம். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். இச்சத்து அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் கூடித் தீங்கு விளையும்.