தயிர்த்துளிக்குள் ஒரு சுவர்

வீட்டுத் தயிரில் ஊசிமுனை அளவு எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரோடு குழைத்து மெல்லத் தடவ வேண்டும். காய்ந்ததும் ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே இரண்டு மூன்று முறை காட்டி எடுத்து, கிரிஸ்டல் வயலெட் என்ற ஊதாச் சாயத்தை ஊற்றி ஒரு நிமிடம் விட வேண்டும். கழுவிவிட்டு அயோடின் ஒரு நிமிடம். அடுத்து ஆல்கஹால். இங்கேதான் கைப்பழக்கம் வேண்டும். சில விநாடி கூடினால் நிறமெல்லாம் ஓடிவிடும்; குறைந்தால் எல்லாமே ஊதாவாக நிற்கும். கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு நான்காவது ஸ்லைடில்தான் கை வந்தது. கடைசியாக, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம்.

ஆயிரம் மடங்கு பெருக்கும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் ஊதா மணிகள். சில இரண்டிரண்டாக, சில சரம் கோத்தாற்போல. இடையிடையே ஊதாக் குச்சிகள். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவையும் இதே முறையில் சாயமேற்றிப் பக்கத்தில் வைத்தால், அது இளஞ்சிவப்பாக இருக்கிறது. சாயங்களும் ஒன்று, நேரமும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேற்றுமை?

1884-இல் பெர்லினில் வேலை செய்துகொண்டிருந்த டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தனித்துக் காட்ட ஒரு வழி தேடினார். அப்போது கண்ட முறை இது. சில பாக்டீரியாக்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றன, சில விட்டுவிடுகின்றன என்பதை அவர் பார்த்துவிட்டார். சிவப்புச் சாயம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. காரணம் விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தக் காரணம், செல்லின் சுவர்.

சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த நீளமான இழைகள். இழைக்கும் இழைக்கும் குறுக்கே சில அமினோ அமிலங்களால் ஆன முடிச்சுகள். இந்தப் பொருளுக்குப் பெப்டிடோகிளைக்கான் என்று பெயர். சணல் சாக்குபோல நெய்யப்பட்டு, செல்லை முழுவதுமாகச் சுற்றி மூடியிருக்கும். தயிர் பாக்டீரியாவில் இந்த நெசவு பல அடுக்கு. ஆல்கஹால் பட்டதும் நீர் வற்றி அது இறுகிவிடுகிறது. உள்ளே போன ஊதாச் சாயம் வெளியேற வழியில்லை. ஈ.கோலையின் நெசவோ மிக மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு சவ்வு உண்டு. ஆல்கஹால் அந்தக் கொழுப்பைக் கரைத்துவிட, சாயம் கசிந்து போகிறது. முன்னதைக் கிராம் பாசிட்டிவ் என்றும் பின்னதைக் கிராம் நெகட்டிவ் என்றும் சொல்கிறோம்.

பாக்டீரியாவுக்கு இந்தச் சுவர் எதற்கு? செல்லுக்குள் உப்பு, சர்க்கரை, அமினோ அமிலம் என்று எல்லாமே செறிவாகக் கரைந்து கிடக்கின்றன. அதனால் வெளியிலுள்ள தண்ணீர் ஓயாமல் உள்ளே புகப் பார்க்கிறது. கார் டயரில் நாம் ஏற்றும் காற்று இரண்டு வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியது. சில கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களின் உள்ளழுத்தம் இருபது வளிமண்டலம்வரை போகும். சுவர் மட்டும் இல்லையென்றால் செல் வெடித்துவிடும்.

ஆனால் பாக்டீரியா வளரவும் வேண்டும். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவதுபோன்ற வேலை அது. ஒரு நொதி பழைய இழையை அறுக்கிறது. இன்னொன்று புது இழையை நுழைத்து முடிச்சுப் போடுகிறது. முடிச்சுப் போடுகிற அந்த நொதியைப் பிடித்து முடக்குவதுதான் பென்சிலின். அறுப்பு நடக்கிறது, முடிச்சு விழுவதில்லை. கொஞ்ச நேரத்தில் செல் வெடிக்கிறது. ஆகவே பென்சிலின் பெரும்பாலும் வளர்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். நம் செல்களுக்குச் சுவரே கிடையாது என்பதால் அவற்றை அது தொடுவதில்லை. 1928-இல் பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே மூக்குச் சளியில் லைசோசைம் என்ற நொதியைக் கண்டிருந்தார். அது சர்க்கரை இழையையே நேரடியாக அறுக்கும். நம் கண்ணீரிலும் முட்டை வெள்ளையிலும் அது இருக்கிறது. ஒரே மனிதர் கண்ட இரண்டு பொருள்களும் தாக்குவது இந்தச் சுவரைத்தான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு கேடயமாக இருப்பதால் அதை இவை இரண்டும் எளிதில் நெருங்க முடியாது.

பள்ளிப் பாடம் பாக்டீரியாவை இல்லாததை வைத்தே அறிமுகப்படுத்துகிறது: உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. இருப்பதைப் பாருங்கள். ஈ.கோலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டிப் பிடித்தால் 1.6 மில்லிமீட்டர், அதாவது உடம்பைப்போல 800 மடங்கு. சராசரி உயரமுள்ள ஒருவர் தமக்குள் ஒன்றேகால் கிலோமீட்டர் நூலைச் சுருட்டி வைத்திருப்பதற்குச் சமம். அதுவும் சிக்கு விழாமல்! உட்கரு இல்லாததால் ஒரு வசதியும் உண்டு. டி.என்.ஏ.விலிருந்து செய்தி இழை படியெடுக்கப்படும்போதே, அது முடிவதற்குள் ரைபோசோம்கள் அதன்மேல் ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன.

நல்ல உணவு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிறது. ஆனால் அதன் டி.என்.ஏ.வை முழுதாக நகலெடுக்கவே 40 நிமிடம் ஆகும். கணக்கு இடிக்கிறதே? ஒரு நகல் முடியும் முன்னே அடுத்த நகலைத் தொடங்கிவிடுகிறது, அதன்மேல் இன்னொன்றையும். பேத்திக்கு வேண்டிய நகலைப் பாட்டியே தொடங்கி வைக்கிறாள்.

நகல்கள் பிரிந்ததும் செல்லின் நடுவில் ஒரு புரத வளையம் கூடுகிறது. அந்த இடத்தில் சுவர் உள்நோக்கி வளர்ந்து இரண்டாகப் பிரிக்கிறது. தயிரில் பார்த்த மணிகள் எப்போதும் ஒரே திசையில்தான் பிரியும். பிரிந்த பின்னும் சுவர்கள் ஒட்டிக்கொண்டே இருந்தால் சரம் உண்டாகிறது.

சுவருக்கு உள்ளே, அதை ஒட்டினாற்போல் இருப்பது செல் சவ்வு. மைட்டோகாண்ட்ரியா செய்யும் வேலையை ஈ.கோலையில் இந்தச் சவ்வே செய்கிறது. புரோட்டான்களை வெளியே தள்ளி வைத்து, அவை திரும்பி வரும் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி ஏ.டி.பி. என்ற ஆற்றல் நாணயத்தைத் தயாரிக்கிறது. தயிரில் இதே சக்கரம் தலைகீழாகச் சுற்றுகிறது. பால் சர்க்கரையை நொதிக்கவைத்துச் சம்பாதித்த ஏ.டி.பி.யில் ஒரு பங்கைச் செலவிட்டு, உள்ளே சேரும் புரோட்டான்களை இறைத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றில் நீர் ஊறஊற இறைப்பதுபோல. வெளியே லாக்டிக் அமிலம் ஏறஏற இறைப்பும் கடினமாகிறது. மணிகள் முதலில் ஓய்ந்துவிடுகின்றன. குச்சிகள் அமிலத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும். மறுநாள் தயிர் மேலும் புளித்திருந்தால் அது பெரும்பாலும் அந்தக் குச்சிகளின் வேலை.